வாய்க்காலில் போட்டது கடலுக்குத்தான் போகிறது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவ. குழுக் கூட்டத்தில் பேசுவேன், பேங்கில் மேனேஜரிடம் பேசுவேன். மைக் முன்னாடி நிற்கிறது இதுதான் முதல் தடவை. தப்பா ஏதாவது வந்தா பொறுத்துக்கோங்க. கடலில் பிளாஸ்டிக் சேர்றதைப் பத்திப் பேசணும் என்று தலைவி அக்கா சொன்னார்கள். "அக்கா, எனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? மாவு அரைக்கிறதைப் பத்தின்னா பேசுவேன்" என்றேன். "மாவு அரைக்கிறதைப் பத்தியே பேசு, அதுலயே கடல் வந்துரும்" என்று சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். அதனால் எங்க குழு மாவுக் கதையையே சொல்கிறேன்.

எங்க ஊர் தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டம் பக்கம். பாபநாசத்தில் இருந்து வர்ற ஆத்துக்கு எட்டு பழைய அணைக்கட்டுகள் உண்டு. அதில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டினா ஆறு ஏரல், ஆத்தூர் வழியா ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும். எங்க வீட்டுப் பின்னாடி ஒரு வாய்க்கால் போகுது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து நானும் அதில்தான் குப்பையைப் போட்டேன். மறைக்காம சொல்றேன். காலையில் கூட்டி வாரி வாய்க்கால் ஓரத்தில் தட்டிவிட்டால் நம்ம வீடு சுத்தம். தண்ணி வர்ற நாளில் எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிரும். எங்கே போகுது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்க ஆச்சியும் அதே மாதிரி வாய்க்கால் ஓரத்தில்தான் குப்பை போட்டாள். ஆனா ஆச்சி போட்டது வேற. கருப்பட்டி பனையோலைப் பெட்டியில் வரும். பூ வாழை இலையில் வரும். எண்ணெய்க்குத் தூக்குவாளி கொண்டு போவாள். அவள் போட்ட குப்பையை மண்ணு தின்னுரும், மிச்சத்தை ஆடு தின்னுரும். பழக்கம் மாறவில்லை, பொருள்தான் மாறிப் போச்சு. நாம பிளாஸ்டிக்கையும் ஓலைப் பெட்டி மாதிரியே நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதி வெள்ளத்தை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பேரோடு நின்னு போச்சு. எங்க வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி. அரிசி, உளுந்து, கிரைண்டர் எல்லாம் முங்கிப் போச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு வெளியே வந்து பார்த்தால், சாய்ந்து கிடந்த வாழை மேலேயும் கருவேல மரத்து மேலேயும் கவர் கவராகத் தொங்குது. மரத்துக்குப் பூ வச்ச மாதிரி. எங்க அத்தை பார்த்துட்டு, "மரத்துல மாட்டினதே இவ்வளவுன்னா ஆத்தோட போனது எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்கள். அன்னிக்கு அதுக்குப் பதில் யோசிக்க நேரமில்லை. வீட்டைக் கழுவவே ஒரு வாரம் ஆச்சு.

பதில் மூணு மாசம் கழித்துக் கிடைச்சது. 2024 மார்ச்சில் கூட்டமைப்பில் இருந்து எங்களைக் கண்டுணர் சுற்றுலாவுக்குப் புன்னைக்காயல் கூட்டிப் போனார்கள். அங்கே உள்ள குழு அக்காமார் கருவாடு போடுற விதத்தைப் பார்த்துட்டு வரத்தான் போனோம். வேனில் ஒரு மணி நேரம்தான். இத்தனை வருஷம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஆறு கடலில் சேர்ற இடத்தை நான் பார்த்ததில்லை.

அங்கே ஒரு அக்கா சொன்னார்கள், "வெள்ளம் முடிஞ்சு கடலுக்குப் போன முதல் வாரத்துல வலையில மீனைவிட உங்க ஊர்க் குப்பைதான் அதிகமா வந்துச்சும்மா." சண்டைக்குச் சொல்லவில்லை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்கள். "எண்ணெய்க் கவர், ஷாம்பு பாக்கெட்டு, பிள்ளைகளுக்குப் போடுற டயப்பர். அதைப் பொறுக்கி எடுத்து வலையைச் சரி பண்ணவே பாதி நாள் போயிரும்" என்றார்கள். எனக்கு முகத்தை எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியலை.

அன்னிக்கு மத்தியானம் கரையில் ஒரு பேராமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. பெரிய தாம்பாளத்தைவிடப் பெரிசு. வனத்துறை ஆட்களும் கால்நடை டாக்டரும் வந்து அறுத்துப் பார்த்தார்கள். நாங்க கொஞ்சம் தள்ளி நின்னோம். குடலில் இருந்து டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வச்சார். கடல்புல், அதோடு சுத்திக்கிட்டு நைலான் நூல், கிழிஞ்ச கவர் துண்டுகள், அப்புறம் முக்கோணமா ஒரு சின்னத் துண்டு. அது என்னன்னு அங்கே நின்ன ஆம்பளைகள் யாருக்கும் தெரியலை. எங்களுக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுது. பால் கவரைக் கத்திரிக்கோலால் வெட்டி எறிவோமே, அந்த மூலை.

டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். "இது ஒண்ணுனாலதான் செத்துச்சுன்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா குடல் அடைபட்டிருக்கு" என்றார். எங்க வேனில் திரும்பி வரும்போது யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

ஆமை ஏன் இதைத் திங்குது, அதுக்கு அறிவில்லையா என்று நானும் கேட்டேன். பயிற்சிக்கு வந்த மேடம் விளக்கமாகச் சொன்னார்கள். ஆமைகள் கடலில் சொறி என்கிற ஜெல்லி மீனைத் திங்கும். தண்ணியில் மிதக்கிற கவர் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். பேராமை வளர்ந்த பிறகு பெரும்பாலும் கடல்புல்தான் மேயும், புல்லோடு சிக்கிக் கிடக்கிற துண்டும் சேர்ந்து உள்ளே போயிரும். கண்ணு ஏமாத்துறது மட்டும் இல்லை, வாசனையும் ஏமாத்துது. கடலில் கொஞ்ச நாள் கிடந்த பிளாஸ்டிக்கில் பாசியும் சின்னச் சின்ன உயிர்களும் ஒட்டிக்கும். அந்த வாசனைக்கு ஆமை, தன்னோட இரைக்கு வர்ற மாதிரியே தலையைத் தூக்கி வருது என்று 2020-ல் ஆராய்ச்சியில் கண்டுபிடிச்சிருக்கிறார்கள்.

சரி, வாயில் போட்டதும் துப்பலாமே என்றால், அதுக்கும் வழியில்லை. கடலாமையின் தொண்டைக்குள் முள்ளு முள்ளாக, எல்லாம் உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். கடல் தண்ணியை வெளியே தள்ளும்போது இரை நழுவாமல் இருக்க ஆண்டவன் கொடுத்த அமைப்பு. விழுங்கினது வெளியே வராது. குடல் அடைச்சால் வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கும், இரை எடுக்காது. உள்ளே காற்று சேர்ந்தால் முங்க முடியாமல் மேலேயே மிதக்கும். வயிறு நிறைய வச்சுக்கிட்டே பட்டினி கிடந்து சாகும். பிள்ளைக்கு வயிறு அடைச்சால் நாம ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டோம். அதுக்கு யாரு இருக்கா?

வலையும் அப்படித்தான். அறுந்து போன வலை, வேண்டாமென்று விட்ட வலை எல்லாம் நைலான். அது கடலில் கிடந்து, இழுக்க ஆளே இல்லாமல் மீன் பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதைப் பேய் வலை என்கிறார்கள். ஆமை மீன் மாதிரி இல்லை, நம்மைப் போல மூச்சு விடணும், மேலே வரணும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டிப் போயிரும்.

நம்ம கடல் சாதாரணக் கடல் இல்லை. தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அறிவிச்சிருக்கிறார்கள். அங்கே பவளப்பாறை இருக்கு, கடல்புல் இருக்கு, மீனவர்கள் ஆவுளியா என்று சொல்கிற கடல்பசு இருக்கு. அந்தக் கடல்பசுவுக்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் காப்பகம் ஆக்கினார்கள். பவளப்பாறை இடுக்கில்தான் மீன்குஞ்சு வளருது. ஆசிய பசிபிக் கடல்களில் 159 பவளப்பாறைகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வர நூற்றுக்கு 4 வாய்ப்பு என்றால், பிளாஸ்டிக் பட்டதுக்கு 89 என்று 2018-ல் எழுதியிருக்கிறார்கள். பாறை செத்தால் மீன் இல்லை. மீன் இல்லை என்றால் அந்தப் புன்னைக்காயல் அக்கா வீட்டில் உலை இல்லை.

மத்த நாட்டிலும் இதே கதைதான். 2018 நவம்பரில் இந்தோனேசியாவில் ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியது. அதன் வயிற்றில் கிட்டத்தட்ட 6 கிலோ பிளாஸ்டிக். 115 கப், 25 பை, 4 பாட்டில், 2 ரப்பர் செருப்பு. கப்பு என்ன கப்பு? நம்ம வீட்டு விசேஷத்தில் தண்ணி குடிச்சுட்டு நசுக்கிப் போடுறோமே, அதே மாதிரிக் கப்புதான்.

இதெல்லாம் கப்பல்காரன் போடுற குப்பைன்னு நினைச்சுராதீங்க. பெரும்பகுதி நம்மை மாதிரி தரையில் இருக்கிறவர்கள் போட்டு, ஓடை வழியா, ஆறு வழியாப் போனது. 2010-ஆம் வருஷம் ஒரே வருஷத்தில் குறைஞ்சது 48 லட்சம் டன் அப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பத்து டன் லாரியில் ஏத்தினால் 4 லட்சத்து 80 ஆயிரம் லாரி. போனது மக்காது. வெயிலிலும் அலையிலும் நொறுங்கி, அரிசிக் குருணையைவிடச் சின்னதாகப் போயிரும். அதை மீன் திங்குது. தூத்துக்குடி உப்பிலும் அந்த நுண்பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிச்சிருக்கிறார்கள். ஆக, நாம போட்டது சோத்துத் தட்டுக்கே திரும்பி வந்துருச்சு.

இப்போ மாவுக்கு வர்றேன்.

எங்க குழுவில் 12 பேர். 2021-ல் பேங்க் லோன் எடுத்து இரண்டு கிரைண்டர் வாங்கி இட்லி மாவு போட ஆரம்பிச்சோம். ஐந்து பேர் அதில் வேலை பார்க்கிறோம். ஒரு நாளைக்கு 80 கவர் போகும். சுற்றுலா போய்ட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. கணக்கு நோட்டை எடுத்தேன். மாசம் 25 நாள், ஒரு நாளைக்கு 80. மாசத்துக்கு 2,000 கவர். மூணு வருஷத்துக்கு 72,000 கவர். அத்தனைக்கும் ஒரு மூலை வெட்டினாலும் 72,000 மூலை. வாய்க்காலில் நான் போட்டது போக, நான் ஊருக்கு வித்தது இது.

நம்ம தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ல் இருந்தே 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்துச்சு. நாங்களும் மஞ்சப்பை ஊர்வலத்தில் போனோம், போட்டோவும் எடுத்தோம். ஆனா மாவுக் கவரைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கலை. அதில் வருமானம் இருந்துச்சே, எப்படிப் பேசுவோம்?

அடுத்த குழுக் கூட்டத்தில் நான் எடுத்தேன். கவர் வேண்டாம், தூக்குவாளி கொண்டு வந்தால் அளந்து ஊத்துவோம் என்றேன். சண்டையே வந்துருச்சு. எங்க குழுவில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் இறந்து போனவர், இரண்டு பிள்ளைகள். மாவு வேலைதான் அவருக்குக் கஞ்சி. எழுந்து நின்னு கேட்டார், "ஆமைக்கு வயிறு இருக்கு, சரி. எனக்கும் வயிறு இருக்குல்லா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. இன்னிக்கும் சொல்றேன், அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்வி. இந்த மாதிரி காரியத்தில் கஷ்டம் எப்பவும் இல்லாதவள் தலையில்தான் முதலில் விழும். வீட்டுக்கு வந்தால் எங்க வீட்டுக்காரர், "என்ன, கடலைக் காப்பாத்தப் போறியளோ?" என்று கேலி.

இரண்டு வாரம் பேசினோம். கடைசியில் ஊக்குநர் அக்கா ஒரு வழி சொன்னார்கள். மூணு மாசத்துக்குக் குழு லாபத்தை யாரும் பிரிக்கக் கூடாது. விற்பனை குறைஞ்சாலும் மாவு வேலை பார்க்கிற ஐந்து பேருக்கும் பழைய கூலி குறையக் கூடாது. நஷ்டம் வந்தால் அது 12 பேருக்கும் பொது. தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அந்த அக்காவும் போட்டார். "மூணு மாசம்தான்" என்று சொல்லிட்டுப் போட்டார்.

நடந்ததை உள்ளபடி சொல்லணும். முதல் மாசம் 80-ல் இருந்து 46-க்கு இறங்கிருச்சு. லோன் தவணை கட்டக் குழுச் சேமிப்பில் கை வச்சோம். கவர் செலவு மிச்சம் என்று கிலோவுக்கு 2 ரூபாய் குறைச்சோம். பாத்திரம் கழுவித் துடைச்சுக் காய்ந்து இருக்கணும், ஈரம் இருந்தால் மாவு புளிச்சுரும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைகள் கையில் தூக்குவாளி வர ஆரம்பிச்சுது. இரண்டாம் மாசம் 58. நாலாம் மாசம் 67. இப்போ 74-ல் நிற்கிறது. பழைய 80 இன்னும் வரலை.

முழுசாக விட்டுட்டோம் என்று பெருமை பேச மாட்டேன். கடைக்குப் போடுற 20 இன்னும் கவரில்தான் போகுது. கடைக்காரருக்கு அளந்து ஊத்த நேரமில்லை. அதுக்கு ஒரு வழி பண்ணினோம். காலிக் கவரைக் கழுவி, மூலையோடு திருப்பிக் கொடுத்தால் ஒரு ரூபாய். டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் தர்றாங்களே, அந்த யோசனைதான். நம்ம வீட்டு ஆம்பளைகளால் நமக்குக் கிடைச்ச ஒரே நல்ல யோசனை. (சிரிக்காதீங்க.) 20-ல் 12, 13 திரும்பி வருது. அதை மூட்டை கட்டித் தூய்மைக் காவலர் அக்காவிடம் கொடுக்கிறோம்.

மூணு மாசம் முடிஞ்ச அன்னிக்குக் கூட்டத்தில் எல்லாரும் அந்த அக்காவைத்தான் பார்த்தோம். அவர் தீர்மான நோட்டை வாங்கி, "இன்னும் மூணு மாசம் எழுதுங்க" என்றார். வேற ஒண்ணும் பேசலை.

சகோதரிகளே, கூட்டமைப்பில் நான் கேட்கிறது நாலு விஷயம்தான்.

ஒண்ணு, பால் கவரோ எண்ணெய்க் கவரோ, மூலையைத் தனியா வெட்டி எடுக்காதீங்க. சின்னதாக ஒரு கீறல் போட்டு, மூலை கவரோடேயே ஒட்டி இருக்கட்டும். துண்டு சின்னதானால் பொறுக்க ஆளில்லை, மறுசுழற்சிக்கும் போகாது. இதுக்கு ஒரு பைசா செலவில்லை.

இரண்டு, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட். அது பல அடுக்கு ஒட்டினது, பழைய பிளாஸ்டிக் வாங்குறவர் எடுக்க மாட்டார். குழுவாகச் சேர்ந்து பெரிய பாட்டில் வாங்கிப் பிரிச்சுக்கலாம், சீயக்காய் அரைக்கிற குழுவும் நம்மிடம் இருக்கு.

மூணு, நாப்கினும் டயப்பரும். கூச்சப்பட்டு ராத்திரியில் வாய்க்காலில் போடுறோம். அதிலும் பிளாஸ்டிக் இருக்கு. பேப்பரில் சுத்தி, அடையாளம் போட்டு, தனியாகக் கொடுப்போம். துவைச்சுப் பயன்படுத்துற துணி நாப்கின் தைக்கத் தெரிந்த குழுக்கள் முன்வரணும். எதையும் கொளுத்தாதீங்க. அந்தப் புகை நம்ம பிள்ளை மூக்கில்தான் ஏறும்.

நாலாவது, கூட்டமைப்புக்கு. எந்தக் குழு பிளாஸ்டிக்கை விட்டுப் புது வழிக்கு மாறுதோ, அதுக்கு முதல் மூணு மாச நஷ்டத்தைத் தாங்க வட்டி இல்லாமல் ஒரு சின்னத் தொகை கொடுக்க இன்னிக்கே தீர்மானம் போடணும். எங்களுக்கு 12 பேர் தோள் கொடுத்தோம், தாங்கிக்கிட்டோம். ஐந்து பேர் மட்டும் இருக்கிற இடத்தில் அந்த அக்கா மாதிரி ஒருத்தர் தனியாகத் தாங்க முடியாது.

இன்னிக்கு இந்த விழாவில் தண்ணி பாக்கெட் இல்லை, எவர்சில்வர் டம்ளர்தான். கழுவ ஆள் வேணும். சாப்பாடு முடிஞ்சதும் நான் பின்னாடி குழாயடியில் நிற்பேன், கூட நாலு பேர் வாங்க.

போன மாசம் புன்னைக்காயல் அக்காவுக்குப் போன் போட்டேன். "இப்ப வலையில எங்க ஊர்க் குப்பை வருதாக்கா?" என்று கேட்டேன். "வருதும்மா. ஆனா உன் குரல் கேட்டதுல சந்தோஷம்" என்றார்கள். அதனால் வேலை முடியலை. அடுத்த வருஷமும் அவர்களிடம் இதே கேள்வியைக் கேட்பேன். அப்போ என்ன சொல்வார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற நம்ம கையில் இருக்கு.